அளவெடுக்காமல் தைத்த சட்டை

2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்து, உலகத்தின் விலை உயர்ந்த செல்போன்களைப் படுக்க வைத்தது. ஞானம் என்ற சொல்லைத் தெலுங்கில் 'ஜ்ஞானமு' என்று எழுதுவார்கள். அதன் முதல் கூட்டெழுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட வரிசையில் வந்தால் போதும். ஐபோனில் அந்தச் செய்தியைத் திறந்த அப்ளிகேஷன் உடனே மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் மறுபடி மூடும். விஷமிகள் இதை அனுப்பி விளையாட ஆரம்பித்தபின், பிப்ரவரி 19-ம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 11.2.6 என்ற திருத்தத்தை வெளியிட்டு விஷயத்தை முடித்தது. ஞானம் வந்தால் தாங்காத கருவி என்று கேலி செய்யத் தோன்றும்.

கேலியை விடுங்கள். இதே ஆப்பிள் நிறுவனம் அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016 மே மாதம், மேப் வேலைகளுக்காக ஹைதராபாத்தில் ஓர் அலுவலகம் திறந்திருந்தது. டிம் குக்கே நேரில் வந்தார். மைக்ரோசாஃப்ட் தன் வளர்ச்சி மையத்தை அங்கே அமைத்தது 1998-ல். அதே வருடம் நவம்பரில் ஹைடெக் சிட்டியின் சைபர் டவர்ஸ் கட்டடத்தை வாஜ்பாய் திறந்து வைத்தார். கூகுள் 2004-ல் வந்தது. உலகத்துக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் ஊர் அது. அந்த ஊர்த் தெருவில் இறங்கினால் கடைப் பலகைகளில் தெலுங்கு, உருது, இங்கிலீஷ் மூன்றும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. 2017 நவம்பரில் தெலங்கானா சட்டமன்றம் உருதுவை மாநிலம் முழுவதற்கும் இரண்டாவது ஆட்சிமொழியாக்கி மசோதா நிறைவேற்றியது. எனவே பலகையில் இருக்கும் மூன்றும் அரசாங்கத்தின் வெப்சைட்டிலும் இருந்தாக வேண்டும்.

பலகை எழுதும் பெயின்டருக்கு இதில் கஷ்டம் ஏதுமில்லை. ஏணியில் ஏறி இடத்தைப் பார்க்கிறார். தெலுங்குக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுகிறார், உருதுவை வலது ஓரத்திலிருந்து தொடங்குகிறார், மிச்சத்தில் இங்கிலீஷ். கம்ப்யூட்டர் திரையில்தான் மூன்றும் சண்டை போடுகின்றன. காரணம், திரையில் யாரும் அளவெடுப்பதில்லை. ரெடிமேட் சட்டை வாங்கி மாட்டிவிடுகிறோம்.

அந்த ரெடிமேட் சட்டைக்கு இந்தத் தொழிலில் தீம் என்று பெயர். டெம்ப்ளேட் என்றும் சொல்வார்கள். தலைப்பு எங்கே, படம் எங்கே, வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடைவெளி, பொத்தான் எவ்வளவு அகலம் என்று எல்லாம் முன்பே தீர்மானித்து விற்கப்படும் அல்லது இலவசமாகக் கிடைக்கும் அச்சு. 2003-ல் வெளிவந்த வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேரில் இன்று உலக வெப்சைட்டுகளில் பத்தில் நான்கு ஓடுகின்றன என்பது கணக்கு. அதற்கு மட்டும் ஆயிரக்கணக்கில் தீம்கள் உண்டு. நல்ல தீம்கள்தான். ஆனால் பெரும்பாலானவை இங்கிலீஷுக்கு அளவெடுத்துத் தைத்தவை. நம் எழுத்துகளுக்குத் தோள்பட்டை வேறு, கை நீளம் வேறு.

தெலுங்கிலிருந்து தொடங்குவோம். தமிழில் 'அம்மா' என்று எழுதும்போது ம் முன்னால், மா பின்னால், இரண்டும் ஒரே மட்டத்தில். தெலுங்கில் இரண்டாவது ம, முதல் ம-வின் காலடியில் போய் உட்காரும். இதற்கு 'வொத்து' என்று பெயர். 'ஸ்த்ரீ', 'ராஷ்ட்ரம்' மாதிரிச் சொற்களில் ஒன்றுக்கு மேல் வொத்துகள் சேர்ந்து கீழே தொங்கும். மேலே தலைக்கட்டும் கொம்பும் வேறு. இங்கிலீஷ் எழுத்துக்கு வேண்டியதைவிட மேலும் கீழும் அதிக இடம் கேட்கும் எழுத்து இது. எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு வரி உயரம் என்று தீம் சொன்னால், கீழ் வரியின் தலைக்கட்டு மேல் வரியின் வொத்தில் இடிக்கும். பொத்தானுக்கோ தலைப்புப் பெட்டிக்கோ உயரத்தைக் கட்டிப்போட்டு, மிஞ்சியதை மறைத்துவிடு என்று எழுதியிருந்தால் வொத்து அறுந்துபோகும். வொத்து இல்லாத தெலுங்குச் சொல், ஒற்று இல்லாத தமிழ்ச் சொல்லுக்குச் சமம். பட்டம் படமாகிவிடும்.

உருது இதற்கு ஒரு படி மேல். அரபி எழுத்தை நஸ்க் என்ற பாணியில் எழுதினால் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் போகும். உருதுக்காரர்களுக்கு அது பிடிக்காது. அவர்களுக்கு வேண்டியது நஸ்தாலிக். ஈரானில் பிறந்து, மொகலாய தர்பார்களிலும் தக்காணத்திலும் வளர்ந்த பாணி. அதில் ஒவ்வொரு சொல்லும் வலது மேல் மூலையில் தொடங்கி இடது கீழ் மூலைக்குச் சறுக்கி இறங்கும். கடைசி எழுத்துதான் கோட்டில் நிற்கும். சொல் நீளமானால் உயரமும் கூடும். வரி உயரம் என்பது எழுத்தின் அளவை மட்டும் பொறுத்தது என்ற இங்கிலீஷ்காரனின் கணக்கு இங்கே உடைந்துபோகிறது. எழுத்தளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் விட்டால்தான் நஸ்தாலிக் மூச்சு விடும்.

இந்தச் சறுக்கலை ஈய எழுத்தில் வார்க்க முடியாமல் உருது அச்சுத்தொழில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கல்லச்சை நம்பியிருந்தது. காத்திப் என்று அழைக்கப்படும் எழுத்தர் கையால் எழுதுவார், அது கல்லுக்கு மாறும், அச்சாகும். பின்னாளில் ஆஃப்செட் வந்தபோதும் காத்திப் போகவில்லை. சென்னையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1927-ல் தொடங்கிய 'முஸல்மான்' என்ற உருது மாலைப் பத்திரிகை, திருவல்லிக்கேணியில் வாலாஜா மசூதிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையில், இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் காத்திப்கள் கையாலேயே எழுதி வெளிவந்தது. முதல் பக்கத்தின் கீழ் மூலையில் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருப்பார்கள், கடைசி நேரச் செய்திக்காக. அதுவும் ஒரு டெம்ப்ளேட்தான், வகுத்தவரே எழுதுகிறவர்.

ஹைதராபாத்தில் இந்தத் தொழிலின் தெரு சத்தா பஜார். சார்மினாருக்கு நடை தூரம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைகள் வரிசை கட்டி நிற்கும். உருதுப் பக்கம் வலமிருந்தும் இங்கிலீஷ் பக்கம் இடமிருந்தும் திறக்கிற பத்திரிகைகளை அங்கே பார்க்கலாம். ஒரே காகிதத்துக்கு இரண்டு முதல் பக்கங்கள். நிக்காஹ் மண்டபத்தின் விலாசம் எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதான்.

காத்திப்களின் அளவு முறையைக் கேட்டால் இன்றைய வெப் டிசைனர்கள் ஆச்சரியப்படுவார்கள். நாணல் பேனாவின் முனையைக் காகிதத்தில் சாய்த்து ஒரு தடவை அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அளவுகோல். இந்த எழுத்துக்கு இத்தனை புள்ளி உயரம், அந்த வளைவுக்கு இத்தனை புள்ளி அகலம். பேனாவை மாற்றினால் புள்ளி பெரிதாகும், புள்ளியோடு எழுத்தும் இடைவெளியும் சேர்ந்து பெரிதாகும். அங்குலம், சென்டிமீட்டர் எதுவும் கிடையாது. வெப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் என்ற அலங்கார மொழியில் 'எம்' என்றோர் அளவு இருக்கிறது. அதுவும் இதே கதைதான்: எழுத்தின் அளவையே அளவுகோலாகக் கொள்வது. வரி உயரம் 20 பிக்ஸல் என்று கட்டிப்போட்டவர், வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடுகிறார். எழுத்தளவைப்போல் இத்தனை மடங்கு என்று எழுதியவருக்கு அந்தத் தொல்லை இல்லை. சத்தா பஜாரில் இதை யாரும் கோர்ஸ் நடத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் நஸ்தாலிக்கைக் கற்றுக்கொண்டது 1981-ல். பாகிஸ்தானின் மிர்ஸா அகமது ஜமீல் என்ற வடிவமைப்பாளர், சொற்களின் இணைப்பு வடிவங்களை ஏறத்தாழ 20,000 அளவுக்கு வரைந்து தர, மோனோடைப் நிறுவனம் அதை 'நூரி நஸ்தாலிக்' என்ற பெயரில் கம்ப்யூட்டரில் ஏற்றியது. அந்த வருடம் தொடங்கிய 'ஜங்' நாளிதழின் லாகூர் பதிப்பு அதில் அச்சானது. 1994-ல் டெல்லியில் உருவான 'இன்பேஜ்' சாஃப்ட்வேர் அதே எழுத்தைச் சாதாரண கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. இந்திய உருதுப் பத்திரிகைகள் பலவற்றில் காத்திப்பின் நாற்காலி காலியானது அதன் பிறகுதான். வேலை போனது ஒரு துக்கம். ஆனால் எழுத்து தோற்கவில்லை. மெஷினுக்காக நஸ்தாலிக்கை நஸ்க்காக நிமிர்த்தச் சொன்ன யோசனைகளை வாசகர்கள் ஏற்கவில்லை. மெஷின்தான் குனிந்து வந்தது.

தமிழர்களான நாம் வேறு வழியில் போனோம். துதிக்கை தூக்கிய லை, னை, சுழித்த ணா, றா எல்லாம் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பழைய புத்தகத்தில் பார்க்கிற காட்சி. பெரியார் தன் பத்திரிகையில் 1935-லிருந்து கையாண்ட சீர்திருத்த எழுத்துகளை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையிட்டு ஏற்றது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது அச்சும் டைப்ரைட்டரும். குழந்தைகளுக்கும் சுலபம் என்றார்கள். ஈயமும் இரும்பும் பேசிய காலத்தில் அது நியாயமான பேரம்தான். ஒரு டைப்ரைட்டரில் எத்தனை சாவிதான் வைப்பது? இன்று திரையில் ஓர் எழுத்து சரியாக உட்காரவில்லை என்றால், அதற்காக எழுத்தை வளைக்கச் சொல்ல யாருக்கும் முகாந்திரம் கிடையாது. மாற்ற வேண்டியது ஐந்தாறு வரிக் கோடு. அதைக்கூட மாற்றாமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் எரிச்சல்.

அந்த வரிகள் என்னென்ன? ஹாக்கன் வியம் லீ என்ற நார்வேக்காரர் 1994 அக்டோபரில் சிஎஸ்எஸ் யோசனையை முன்வைத்தபோது அதில் ஓர் அழகான ஜனநாயகம் இருந்தது. பக்கத்தின் தோற்றத்தை எழுதியவர் மட்டும் தீர்மானிக்க வேண்டாம், வாசகரின் விருப்பமும் அதன் மேல் வந்து விழட்டும் என்றார். மேலிருந்து கீழே விழும் அருவி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக விதிகள். பின்னால் வரும் விதி முன்னால் வந்ததை மீறலாம். ரெடிமேட் தீமின் ஒரு வரியைக்கூட அழிக்காமல், அதன் மேல் நம் விதியைப் போர்த்தலாம் என்பது இதனால்தான் சாத்தியம்.

முதலில் பக்கத்துக்கு அது என்ன மொழி என்று சொல்ல வேண்டும். எச்டிஎம்எல்லில் 'லாங்' என்ற ஒரே ஒரு குறிப்பு. தெலுங்குக்கு டிஇ, உருதுக்கு யுஆர், தமிழுக்கு டிஏ. இரண்டெழுத்து விஷயம், இதை விட்டுவிட்டுத் தமிழ்ப் பக்கத்தை இங்கிலீஷ் என்று அறிவித்துக்கொண்டிருக்கும் வெப்சைட்டுகள் ஏராளம். கண் தெரிந்தவருக்கு வித்தியாசம் புரியாது. திரையை வாசித்துக் காட்டும் சாஃப்ட்வேரை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்குப் புரியும். எந்தக் குரலில் படிக்க வேண்டும் என்று அந்த சாஃப்ட்வேர் தெரிந்துகொள்வது இந்த இரண்டெழுத்தைப் பார்த்துத்தான்.

மொழியைச் சொன்னபின், தெலுங்கு என்றால் வரி உயரம் இவ்வளவு, உருது என்றால் இவ்வளவு என்று தனித்தனியாக விதிக்கலாம். உருதுக்கு எழுத்து இடைவெளியைப் பூஜ்யமாக்க வேண்டும். இங்கிலீஷ் தலைப்புகளைக் கம்பீரமாக்க எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைக்கும் வழக்கம் டிசைனர்களுக்கு உண்டு. கைகோத்து நடக்கும் உருது எழுத்துகளை அது பிய்த்துவிடும். இட்டாலிக் சாய்வையும் நிறுத்திவிடலாம். நம் எழுத்துகளில் பெரும்பாலான ஃபான்ட்களுக்குச் சாய்வு வடிவமே கிடையாது, எனவே மெஷின் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. பார்ப்பதற்கு, புயலில் மாட்டிய பந்தல் மாதிரி இருக்கும்.

ஃபான்ட் விஷயத்தில் தெலுங்குக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். சிலிக்கான் ஆந்திரா அமைப்பின் முயற்சியால் சுரன்ன, பெத்தன, திம்மன, மல்லன்ன, தெனாலி ராமகிருஷ்ண என்று கவிஞர்கள் பெயரிலேயே ஒரு வரிசை ஃபான்ட்கள் இலவசமாக வந்திருக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளலாம். கிருஷ்ணதேவராயர் சபையில் இருந்தபோது எப்படியோ, திரையில் ஒவ்வொரு கவிஞருக்கும் ஒவ்வொரு உயரம். பெத்தனவைக் கழற்றிவிட்டு மல்லன்னவை மாட்டினால் வரி உயரத்தை மறுபடி பார்த்தாக வேண்டும்.

இனி, இதைவிடக் கொஞ்சம் ஆபத்தான இடத்துக்கு வருவோம். உருதுப் பக்கம் ஒன்றில் ஆஸ்பத்திரியின் டெலிபோன் எண்ணைப் போடுகிறீர்கள். ஹைதராபாத் எஸ்.டி.டி. கோடு 040, பிறகு நான்கு இலக்கம், பிறகு நான்கு இலக்கம், நடுவில் சற்று இடைவெளி. உருது வலமிருந்து இடமாகப் போகும். ஆனால் எண்கள் உருதுவிலும் இடமிருந்து வலமாகத்தான் எழுதப்படும். இடைவெளி விட்டுப் பிரித்த எண்ணை கம்ப்யூட்டர் ஓர் எண்ணாகப் பார்ப்பதில்லை, மூன்று எண்களாகப் பார்க்கிறது. மூன்றையும் வலமிருந்து இடமாக அடுக்குகிறது. விளைவு: கடைசி நான்கு இலக்கம் இடது ஓரத்தில், 040 வலது ஓரத்தில். எண்ணை இடமிருந்து படித்து டயல் செய்கிறவருக்கு எங்கேயோ மணி அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது. இது யூனிகோடின் இருதிசை விதிகளின்படி சரியான நடத்தை என்பதுதான் வேடிக்கை. மெஷின் தப்பே செய்யவில்லை. அந்த எண்ணைச் சுற்றி 'இது இடமிருந்து வலம்' என்று ஒரு சிறு குறிப்பைப் போட்டிருந்தால் தீர்ந்தது. நடு ராத்திரியில் ஆம்புலன்ஸ் தேடுகிறவரிடம் போய் யூனிகோட் விதியை விளக்க முடியாது.

வாசகர் எழுதும் பகுதியில் இதே திசைச் சிக்கல் வேறு வேஷத்தில் வரும். செய்திக்குக் கீழே ஒருவர் உருதுவில் எழுதுவார், அடுத்தவர் தெலுங்கில் மறுப்பார், மூன்றாமவர் 'நக்கோ பாய்' என்று தக்கனி பாஷையை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிவிட்டுப் போவார். பக்கம் முழுவதற்கும் ஒரே திசை என்று தீம் தீர்மானித்திருந்தால், இவர்களில் யாராவது ஒருவருடைய முற்றுப்புள்ளி வாக்கியத்தின் தப்பான முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். கடிதம் ஒவ்வொன்றுக்கும் திசையை 'ஆட்டோ' என்று விடலாம். முதலில் வரும் எழுத்தைப் பார்த்து மெஷின் திசையை முடிவு செய்யும். உருதுக் கடிதத்தை ஓர் இங்கிலீஷ் பெயரில் தொடங்கினால் ஏமாந்துவிடும்தான். நூற்றுக்கு நூறு இல்லையென்றாலும் பாஸ் மார்க்.

தமிழுக்குத் திசைச் சிக்கல் இல்லை, வொத்தும் இல்லை. நமக்கு வேறு வியாதி: நீளம். 'சப்மிட்' என்ற ஆறெழுத்து இங்கிலீஷ் வார்த்தைக்கு வெட்டிய பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' உட்கார மறுக்கும். அது சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை தலைப்பை வெட்டுவதில் இருக்கிறது.

முகப்புப் பக்கத்தில் எல்லாத் தலைப்பும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தீம் எழுதியவர்கள், இத்தனைக்கு மேல் போனால் வெட்டி மூன்று புள்ளி வை என்று எழுதிவிடுவார்கள். பிஹெச்பி மொழியில் இதற்கு 'சப்ஸ்டர்' என்று ஒரு பழைய கட்டளை. அது எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. இன்று எல்லோரும் கையாளும் யுடிஎஃப்-8 முறையில் இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட், உருது எழுத்துக்கு இரண்டு, தமிழ், தெலுங்குக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. நூறு பைட்டில் வெட்டு என்றால் இங்கிலீஷ்காரருக்கு நூறு எழுத்து, நமக்கு முப்பத்துமூன்று குறிகள். அதிலும் கி என்றால் க ஒன்று, கொக்கி ஒன்று என்று இரண்டு குறி. நூறு மூன்றால் வகுபடாததால் கடைசிக் குறி பாதியில் அறுந்து, கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறியாக நிற்கும். பல தமிழ்ப் பக்கங்களில் தலைப்பின் வாலில் அந்த டைமண்டைப் பார்த்திருப்பீர்கள். 'எம்பி-சப்ஸ்டர்' என்று முன்னால் இரண்டெழுத்து சேர்த்தால் டைமண்ட் போய்விடும், ஆனால் புள்ளியும் கொக்கியும் பிரிந்து போகும் அபாயம் போகாது. கொ என்பது க ஆகலாம். 'கிராஃபீம்-சப்ஸ்டர்' என்று 2009-ல் வந்த பிஹெச்பி 5.3-லேயே ஒன்று இருக்கிறது. அதுதான் நம் ஆள். எழுத்தை நாம் எழுத்தாகப் பார்க்கிற மாதிரி எண்ணும்.

அதிலும் தீராத ஒன்று உண்டு. இங்கிலீஷில் இல்லை என்பதை வாக்கியத்தின் நடுவிலேயே சொல்லிவிடுவார்கள். தமிழில் வினை கடைசியில் வரும், இல்லை என்பதும் கடைசியில்தான் வரும். தெலுங்கின் 'லேது' அப்படியே. உருதுவின் 'நஹீன்' வினைக்குச் சற்று முன்னால், அதாவது கிட்டத்தட்ட வாலில். 'இன்று பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை' என்ற தலைப்பின் வாலை வெட்டிப் பாருங்கள். 'இன்று பள்ளிகளுக்கு விடுமுறை...' மழை நாள் காலையில் அதை நம்பி எத்தனை குழந்தைகள் மறுபடி போர்வைக்குள் போகும்! குழந்தைகளுக்குச் சந்தோஷம். 'அமைச்சர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு' என்பதில் வெட்டு விழுந்தால் வக்கீல் நோட்டீஸ் வரும். 'இந்த மருந்தைக் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது' என்பதில் விழுந்தால் நோட்டீஸோடு நிற்காது. தலைப்பை நீளத்தால் வெட்டுவது இங்கிலீஷுக்கு அழகுப் பிரச்னை, நமக்கு அர்த்தப் பிரச்னை. இதற்குக் கோடில் பரிகாரம் ரொம்ப எளிது. வெட்டாதே. உயரத்தை அவிழ்த்து விடு. பெட்டிகள் ஒழுங்கற்றுப் போனால் போகட்டும். தலைப்பு சொல்ல வந்ததைச் சொல்லிவிடும்.

மத்திய அரசு வெப்சைட்டுகளுக்கென்று வழிகாட்டு நெறிகளை 2009-லிருந்து வெளியிட்டு வருகிறது. 2023-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. மொழியை அறிவிப்பது, எழுத்தைப் பெரிதாக்கினாலும் பக்கம் கலையாமல் இருப்பது எல்லாம் உலகத் தர விதிகளில் அடங்கியவைதான். வெப் விதிகளை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பில் இந்திய எழுத்துகளின் தேவைகளை விவரிக்கும் ஆவணங்களும் இருக்கின்றன. காகிதத்தில் குறையில்லை. டெண்டர் எடுப்பவர் தெலுங்கு படிக்கத் தெரியாமல் புனேயில் இருக்கலாம், சரிபார்ப்பவர் உருது தெரியாத அதிகாரியாக இருக்கலாம். இங்கிலீஷ் பக்கத்தைத் திறந்து பார்த்து, மற்ற மொழிகளுக்கு மேலே ஒரு பொத்தான் இருப்பதையும் பார்த்து, பில்லில் கையெழுத்துப் போடுவது சுலபம். 'ஸ்த்ரீ' என்ற ஒரு சொல்லும், நீளமான ஓர் உருதுச் சொல்லும், உருது வரி ஒன்றின் நடுவில் ஒரு டெலிபோன் எண்ணும், இல்லை என்று முடியும் ஒரு தமிழ்த் தலைப்பும் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் போதும். ஐயாயிரம் ரூபாய் செல்போனில் அவற்றைக் காட்டச் சொன்ன பிறகு பேனாவை எடுக்கலாம்.

சொந்தமாகக் கை வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தீமின் மூல ஃபைலைத் திறந்து அதிலேயே திருத்தாதீர்கள். தீமுக்குப் புதுப் பதிப்பு வரும் நாளில் உங்கள் திருத்தம் அத்தனையும் சுவடில்லாமல் போய்விடும். வேர்ட்பிரஸ்ஸில் 'சைல்டு தீம்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. தாய்த் தீம் அப்படியே இருக்க, குழந்தைத் தீமில் நம் விதிகளை மட்டும் வைத்துக்கொள்வது. தாய் மாறினாலும் குழந்தை வைத்திருப்பது அதனிடமே இருக்கும். உருது மாதிரி வலமிருந்து வரும் மொழிகளுக்கு 'ஆர்டிஎல்' என்ற பெயரில் தனி ஃபைலே உண்டு. இல்லாத தீமை வாங்காமல் இருப்பது நல்லது. 'இடது ஓரம்', 'வலது ஓரம்' என்று எழுதாமல் 'வரியின் தொடக்கம்', 'வரியின் முடிவு' என்று எழுதும் புதிய வழக்கம் சிஎஸ்எஸ்ஸில் வந்திருக்கிறது. அப்படி எழுதினால் தெலுங்குக்கும் உருதுக்கும் ஒரே விதி போதும், தொடக்கம் எந்தப் பக்கம் என்பதை மொழி பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. கோடில் மெஷின் படிக்காத குறிப்புகளை எழுதி வைக்கலாம். இரண்டு வருடம் கழித்து வரும் பையன் உங்கள் தெலுங்கு வரி உயரத்தைப் பார்த்து, 'இவ்வளவு இடைவெளி எதற்கு, அசிங்கமாக இருக்கிறதே' என்று குறைத்துவிடுவான். அந்த வரிக்கு மேலே, அவனுக்குப் புரிகிற மொழியில் எழுதி வையுங்கள்: இது வொத்துக்காக விட்ட இடம், கை வைக்காதே.